கீழ்வேளூர் வட்டார வாகன இருக்கைக் கறைகள்: தோற்றமும் நிலைபேறும்

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் இருக்கும் கீழ்வேளூரைப் பற்றி எழுதியவர்கள் கேடிலியப்பர் கோயிலைத் தாண்டி வந்ததில்லை. கோச்செங்கட்சோழனின் மாடக்கோயில்களில் ஒன்று, சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் என்ற செய்திகளெல்லாம் அலுக்கும் அளவுக்குப் பதிவாகியிருக்கின்றன. அதே கோயில் வாசலில் நிற்கும் வேனின் பின்னிருக்கையில் என்ன படிந்திருக்கிறது என்பதற்கோ ஒரு கல்வெட்டும் இல்லை, ஒரு கட்டுரையும் இல்லை. அறிஞர் உலகின் இந்த அலட்சியத்தை ஈடுகட்டவே இவ்வாய்வு.

ஆய்வு எல்லை: கிழக்கே சிக்கல், தெற்கே தேவூர், மேற்கே நல்ல டீ கிடைக்கும் இடம் வரை. கார், வேன், ஷேர் ஆட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன. மோட்டார் சைக்கிள் விலக்கப்பட்டது; அதில் விழும் கறையை அடுத்து உட்காருபவரின் வேட்டியே துடைத்து எடுத்துப் போய்விடுவதால் தரவு மிஞ்சுவதில்லை.

கறைகளில் மூத்தது மஞ்சள். வண்டி வீட்டுக்கு வந்த அன்றே அது பிறந்துவிடுகிறது. ஆலம் சுற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் நசுக்கி, குடும்பத்தோடு சிக்கல் சிங்காரவேலரைப் பார்க்கப் போகும் வழியில் யாரோ ஒருவர் மடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். கறையைக் கண்டதும் வீட்டார் துணி சோப்பை எடுத்துத் தேய்க்கிறார்கள்; மஞ்சள் சிவக்கிறது. பதறிப்போய் இன்னும் கொஞ்சம் சோப்புப் போடுகிறார்கள், இன்னும் சிவக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் பழையபடி மஞ்சளாகும். ஆலத்தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைக் கரைப்பதும், மஞ்சளோடு அதே சுண்ணாம்பைச் சேர்த்துக் குங்குமம் ஆக்குவதும் இதே வித்தைதான். காலையில் தட்டில் மங்களகரமாக நடந்த வேதிவினை, சாயங்காலம் இருக்கையில் நடந்தால் மட்டும் வீட்டில் சண்டை. அந்தச் சிவப்பை இறக்கக்கூடிய எலுமிச்சம்பழத்தையோ நான்காகத் தரையில் நசுக்கியாயிற்று.

மஞ்சளுக்கு உண்மையான எமன் வெயில். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்து நிறம் இழக்கும். கறைபட்ட உறையைக் கழற்றி மொட்டை மாடியில் காயப்போட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் வண்டி வாங்கியவர் முதலில் தேடுவது புங்கமர நிழலை. நிழல் கிடைத்தவருக்குக் கறை நிலைக்கிறது; கிடைக்காமல் ரோட்டோரம் காயும் வண்டிக்காரருக்கு மஞ்சள் வெளுக்கிறது. பொருளாதார நிபுணர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அடுத்தது வாழைக்கறை. முகூர்த்த நாட்களில் வாழைத்தாரைப் பின்னிருக்கையில் கிடத்தி எடுத்துவருவார்கள். அறுத்த காம்பிலிருந்து வடிவது அப்போது தண்ணீர் போலத்தான் இருக்கும். காற்றுப் பட்டு மெல்லத்தான் கறுக்கும். தாரை ஏற்றியவர், இறக்கியவர், நடுவில் அதன்மேல் சாய்ந்து தூங்கியவர் எல்லாரும் பந்தி முடித்துத் தாம்பூலப் பையோடு ஊர் போய்ச் சேர்ந்த பிறகே கறை வெளிப்படுகிறது. தடயம் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

இங்கேதான் இவ்வாய்வின் மையக் கருத்து தொடங்குகிறது. கறை நீக்கத்தில் வேதியியலுக்கு இரண்டாம் இடந்தான். முதல் இடம் விசாரணைக்கு. டிகிரி காப்பி என்றால் முதலில் பச்சைத்தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் என்றால் முதலில் தண்ணீரே ஆகாது. அரிசிமாவோ முகப் பவுடரோ தூவி உறிஞ்ச விட வேண்டும். வெற்றிலை எச்சில் என்றால் தேய்க்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒன்றுக்கு உரிய வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் கறை பட்டா வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆகவே கறையின் ஜாதகம் வேண்டும். ஜாதகம் தெரிந்த ஒரே ஆளோ வாயைத் திறப்பதில்லை. கள ஆய்வில் கிடைத்த ஓர் உரையாடல், மாதிரிக்கு:

“ஏம்ப்பா, சீட்ல என்னப்பா இது?”

“அது வண்டி வாங்கும்போதே இருந்ததுண்ணே.”

“புது வண்டிடா!”

“கம்பெனிலேர்ந்தே அப்படித்தாண்ணே வந்துச்சு.”

வெற்றிலைக் கறை மட்டும் இந்த விசாரணையில் தப்ப முடியாது. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையும் சீவலும் மட்டும் மென்றால் அந்தச் சிவப்பு வராது; சுண்ணாம்பின் காரம்தான் பாக்கின் துவர்ப்பைச் சிவக்க வைக்கிறது. சாட்சியம் குற்றவாளியின் உதட்டிலேயே இருக்கிறது. இருந்தும் பயனில்லை, அவர் பெரும்பாலும் வண்டிக்காரரின் மாமனார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாளடி நடவுக் காலத்து வண்டல் சேற்றை ஈரத்தோடு துடைத்தால் உள்ளே இறங்கும், காய விட்டுத் தட்டினால் உதிரும். ஐப்பசி கார்த்திகையில் காயவா போகிறது? கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இருக்கைக்கும் வைத்தால் மார்கழி வரை இந்தப் பக்கம் ஒரு வண்டியும் தேறாது. செப்டம்பர் 8 வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து திரும்பும் வேன்களின் மெழுகுக்கறையை ஐஸ் வைத்து இறுக்கிச் சுரண்டலாம். தாளை வைத்து இஸ்திரி போடும் முறை துணி உறைக்குச் சரி. ரெக்சினில் செய்து பார்த்தவர்கள் மெழுகோடு ரெக்சினையும் எடுத்துவிட்டார்கள். நாகையிலிருந்து வரும் மீன்கூடையின் தண்ணீர் கறையைவிட வாடையாகத்தான் தங்கும். புளிப்புக்கு அது அடங்கும் என்று மீன் கழுவத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அதை நம்பிப் புளித்தண்ணீர் தெளித்தவர்கள் வாடையைக் கொடுத்துப் புளிக்கறையை வாங்கிக்கொண்டார்கள். தின்னர் போட்டுத் துடைக்கச் சொல்லும் பட்டறைக்காரர்களின் கொள்கையை நான் ஏற்பதற்கில்லை. கறையை நீக்கச் சொன்னால் இருக்கையை நீக்குகிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலான தத்துவம் அரசு வாகனங்களில் வளர்ந்தது: இருக்கைமேல் வெள்ளை டர்க்கி டவல். 2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. டவல் நிற்கவில்லை, ஜீப்புக்கு மாறிக்கொண்டது. அது இருக்கையைக் காக்கிறது என்பது பாமர வாதம். அடியில் இருப்பதைப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வராமல் செய்வதுதான் அதன் வேலை. இதையும் மிஞ்சிய முன்னுதாரணம் சைவத்தில் உண்டு. நஞ்சுண்ட கறையைத் தொண்டையிலேயே வைத்திருப்பவரைக் கறைமிடற்றான் என்று பெயர் சூட்டிப் பாடினார்களே தவிர, துணியை எடுத்துக்கொண்டு யாரும் போகவில்லை.

எதுவும் பலிக்காதவர்கள் நாகைக்கோ திருவாரூருக்கோ போய்ப் புது உறை போடுகிறார்கள். அங்கே நிறத் தேர்வு கறாரான முறைப்படி நடக்கிறது: காப்பிக் குடும்பம் என்றால் காப்பிப்பொடி நிறம், வாழைத்தார் ஏற்றும் வேன் என்றால் கறுப்பு, வெற்றிலை போடுகிற வீடு என்றால் மெரூன். இருக்கையின் நிறத்துக்குக் கறை இறங்கி வராததால் கறையின் நிறத்துக்கு இருக்கையை ஏற்றிவிடும் இந்த முறைதான் இதுவரை தோற்காதது. மெரூன் உறைகளின் ஓரத்தில் மட்டும் புதிதாக வெள்ளைத் தீற்றல்கள் தென்படுகின்றன. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலைத் துடைத்த தடம். ஒரு மாமனாரிடமே நேரில் கேட்டதில், உறை வாங்கும்போதே இருந்தது என்றார்.