கடன் வென்றான்

கங்கை கொண்டவனுக்கு ஒரு பட்டம், கடாரம் கொண்டவனுக்கு ஒரு பட்டம் என்று கொடுத்துப் பழகிய நாடு இது. 20 வருட வீட்டுக்கடனை 8 வருடத்தில் வென்ற ஒருவரைச் சும்மா விடுவது நன்றாக இல்லை. தாம்பரத்துக்கு மேற்கே, எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் அந்த வீரருக்கு என்னால் ஆன சிறப்பு இது. பெயரைச் சொன்னால் கண்பட்டுவிடும். சார் என்றே வைத்துக்கொள்வோம்.

2017இல் சார் வாங்கிய கடன் 30 லட்சம். வட்டி எட்டரை சதவீதம் என்று வைத்தால் மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் தவணையில் 21,250 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,785. பத்து வருடம் தவறாமல் கட்டி, 31 லட்சத்துக்கு மேல் கொடுத்து முடித்த பிறகும் 21 லட்சம் அசல் அப்படியே நிற்கும். நம்மில் பலர் இந்த அட்டவணையைப் புரட்டாமலே கையெழுத்துப் போடுகிறோம். சார் புரட்டினார். அன்றிரவு அவர் தூங்கவில்லையாம். மாதம் 43,000 சொச்சம் கட்டினால் 8 வருடத்தில் கடன் தீரும், வட்டியில் ஏறக்குறைய 21 லட்சம் மிச்சமாகும் என்று விடிவதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டது. கணக்கில் எள்ளளவும் பிசகில்லை. மாதாமாதம் 17,000 ரூபாய் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். அதைத் தருவதற்கு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

எளிமையைத் தனக்கென்று பதுக்கி வைத்துக்கொள்ளும் சுயநலம் சாரிடம் கிடையாது. அவ்வளவையும் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அதைச் சலுகை என்று நாம் நினைக்க, சார் லட்சுமணன் கோடாக எடுத்துக்கொண்டார். கத்திரி வெயிலிலும் ஓடியது ஒரே மின்விசிறி. மூன்று தலைமுறையும் ஹாலில் அதன் கீழேதான் படுக்கை. குடும்ப ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் உண்டு, ஒரு ரெகுலேட்டரை வைத்து அதைச் சாதித்தவர் இவர்தான். ஃபிரிட்ஜுக்கு இரவில் ஓய்வு. புளித்துப் பொங்கிய மாவை மறுநாள் சாரின் மனைவி (அம்மையார் என்று வைத்துக்கொள்வோம்) ஊத்தப்பமாக்கிச் சமாளிப்பார். சார் பகல் முழுக்க அலுவலக ஏசியில் விறைத்துவிட்டு வருபவர். வீட்டுப் புழுக்கம் அவர் உடம்புக்கு இதமாகவே இருந்திருக்கிறது. (எனக்கு இன்னும் தவணை பாக்கி. எங்கள் வீட்டில் ஆளில்லாத அறையில்கூட மின்விசிறி ஓடும். அத்தனை ஊதாரிகள் நாங்கள்.)

அவருடைய தியாகங்களில் தலையாயது நகை. அப்போது பவுன் 22,000 ரூபாயை ஒட்டி இருந்தது. அம்மையாருக்குப் பிறந்த வீட்டில் போட்டதில் 20 பவுனை விற்று, நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய, ஒரே போடாக அசலில் போட்டார். "நகை பீரோவில் தூங்குது, வட்டி தூங்குமா?" என்று கேட்டாராம். கேள்வி நியாயமானதுதான். 2025 ஏப்ரலில் சென்னையில் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டியபோது, அது பீரோவில் தூங்கவில்லை என்பது தெரிந்தது. எட்டரை சதவீத வட்டிக்குப் பயந்து, அதைவிட வேகமாக வளர்கிற ஒன்றை விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? அதுவும் மனைவியுடையதை? வீட்டுப் பத்திரத்தில் இருப்பது சார் பெயர் மட்டும்தான். சொத்துப் பாரத்தைப் பெண்கள் தலையில் ஏற்றக்கூடாது என்கிற கருணை.

கல்யாணங்களுக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போக அம்மையார் முதலில் கூசினார். கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்தி அந்தக் கூச்சத்தையும் சார் போக்கினார். மொய்யும் மிச்சம். கிரகப்பிரவேசத்துக்கு வந்த மொய்யின் நோட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது. யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அதில் சுத்தமாக எழுதியிருக்கிறது. அதற்கு வட்டி கிடையாது, ஆகவே முன்கூட்டி அடைக்கும் அவசரமும் கிடையாது.

சாரின் தாயாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றுக்கு ஆபரேஷன் ஆயிற்று. மற்றதை தீபாவளி போனஸ் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார். போனஸ் வந்தது, அசலுக்குப் போனது. அடுத்த தீபாவளியிலும் அப்படியே. "எனக்கெதுக்குடா இன்னொரு கண்ணு, பரீட்சையா எழுதப்போறேன்" என்று அம்மாவே சொல்லிவிட்டதைச் சார் பெருமையாகச் சொல்வார். கடைசித் தவணைக்கு முந்தின வருடம் அந்தப் பாட்டி ஒற்றைக் கண் பார்வையோடேயே விடைபெற்றுக்கொண்டார். பிள்ளையின் மனமறிந்து நடந்துகொண்ட தாய்.

மகன் பள்ளியில் ஊட்டிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டபோது, நீலகிரி பூகோளப் புத்தகத்திலேயே இருப்பதைச் சார் எடுத்துக் காட்டினார். பையன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். வாடகை அறைதான், ஏசி உண்டாம். பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றான், தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்றான். அவனுக்கென்று எடுத்த மாடி அறை பூட்டிக் கிடக்கிறது. மீட்டருக்கு நல்லது.

போன வருடம் கடன் தீர்ந்தது. கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தராத வங்கி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. 31ஆம் நாளிலிருந்து வரப்போகும் வருமானத்தைச் சார் தாளில் எழுதியே வைத்திருந்தார். வங்கி இரண்டே வாரத்தில் பத்திரத்தைக் கொடுத்துத் தொலைத்தது. இத்தனை வருடத்தில் அவர் முகம் வாடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்ததற்கான ரசீதும் பதிவாகிவிட்டது. இனி ஒரு வாஷிங் மெஷின் வாங்கலாமா என்று அம்மையார் மெல்லக் கேட்டிருக்கிறார். இப்போதுதானே மூச்சு விடுகிறோம் என்று சொல்லிவிட்டு, அதே 43,000 ரூபாய்க்கு மாதச் சேமிப்புக் கணக்கு ஒன்றைச் சார் தொடங்கியிருக்கிறார். செங்கல்பட்டுப் பக்கம் மனை விலையும் விசாரிப்பதாகக் கேள்வி.

குடியரசு தினத்தன்று எங்கள் தெரு நலச்சங்கத்தில் அவருக்குச் சால்வை போர்த்துவது என்று முடிவாகியிருக்கிறது. "வீட்டம்மாவுக்கும் சேர்த்து ரெண்டு சால்வையா வாங்கிடலாமா சார்?" என்று செயலாளர் கேட்டிருக்கிறார்.

"கடனைக் கட்டினது நான். அவளுக்கு எதுக்கு?" என்றாராம்.

சங்கத்துக்கும் ஒரு சால்வை மிச்சம்.