பூட்டிய கதவின் பக்தர்

ஆக்ரா, ஜெய்ப்பூர், லக்னோ, ஹைதராபாத் என்று எந்த ஊர்க் கோட்டை வாசலில் சுற்றுலாப் பேருந்து நின்றாலும், இறங்கும் கூட்டத்தில் சுரங்கப் பிரியர் ஒருவர் இருந்தே தீருவார். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். திவானி ஆம் மண்டபத்தில் எல்லாரும் அண்ணாந்து வளைவுகளைப் பார்க்கும்போது, அவர் மட்டும் குனிந்து தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். தொல்லியல் துறை திறந்து வைத்திருக்கும் வாசல்களில் அவருக்கு நாட்டமில்லை. மூலையில் கம்பிக் கதவு போட்டுத் துருப்பிடித்த பூட்டு தொங்கும் பொந்து ஒன்று இருக்குமே, அதுதான் அவருக்கு மூலஸ்தானம். கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்து, வௌவால் நெடியை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டி, "பையா, யே கிதர் ஜாதா?" என்று கேட்பார். கைடுக்கு இது பழகிய கேள்வி. ஆக்ராவில் கேட்டால் டெல்லிக்குப் போகும். டெல்லியில் கேட்டால் ஆக்ராவுக்கு. கோல்கொண்டாவில் சார்மினாருக்கு, லக்னோவில் ஃபைசாபாத்துக்கு. முன்னொரு காலத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் மேளதாளத்தோடு உள்ளே போய்த் திரும்பவேயில்லை, அதனால்தான் வெள்ளைக்காரன் மூடிவிட்டான் என்பது இலவச இணைப்பு. மாப்பிள்ளை வீட்டார் நல்ல ரோட்டை விட்டுவிட்டுச் சுரங்கத்தில் ஏன் போனார்கள் என்று பிரியர் கேட்க மாட்டார். அப்படிக் கேட்கிறவர் இந்த இனத்தைச் சேர்ந்தவரே இல்லை.

இவரை வெறும் அப்பாவி என்று ஒதுக்குவது நியாயமாகாது. 'பொன்னியின் செல்வன்' படித்து வளர்ந்தவர் என்றால், பழுவேட்டரையரின் பாதாள நிலவறைக்குள் வந்தியத்தேவனோடு சேர்ந்து எத்தனையோ முறை தடுமாறியிருப்பார். சுரங்கம் இல்லாத அரண்மனை அவருக்கு மொட்டை மாடி இல்லாத வீடு. தவிர, அவரிடம் ஒரு தர்க்கமும் இருக்கிறது. இவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டத் தெரிந்த ராஜாவுக்கு, ஆபத்தில் தப்பிக்க ஒரு வழி வைத்துக்கொள்ளத் தெரியாதா? நல்ல கேள்விதான். பதிலை அந்த ராஜாக்கள் முடிந்த விதத்தில் தேடுவதே முறை.

கோல்கொண்டாவை எடுத்துக்கொள்வோம். 1687இல் ஔரங்கசீப்பின் படை ஏறத்தாழ எட்டு மாதம் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. கடைசியில் லஞ்சம் வாங்கிய ஒரு தளபதி உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டான். சுல்தான் அபுல் ஹசன் தானா ஷா பிடிபட்டு, தௌலதாபாத் கோட்டையில் கைதியாக மிச்ச வாழ்நாளைக் கழித்தார். சார்மினாருக்குச் சுரங்கம் இருந்திருந்தால், எட்டு மாதத்தில் ஒருநாள்கூடவா அவருக்கு அது ஞாபகம் வராமல் போயிருக்கும்? ஆக்ராவில் கதை இன்னும் பரிதாபம். 1658 ஜூன் மாத வெயிலில் ஔரங்கசீப் யமுனைப் பக்கத்து வாசலைப் பிடித்து, கோட்டைக்குத் தண்ணீர் வராமல் செய்தார். கிணற்றுக் கரிப்புத் தண்ணீர் ஷாஜகானுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சில நாட்களிலேயே கோட்டை கைமாறியது. அதன்பின் 1666இல் கண்மூடும்வரை ஏழரை ஆண்டுகள் அதே கோட்டையில் சிறை இருந்தார். டெல்லிச் சுரங்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க ஏழரை ஆண்டு போதாதா என்ன! அதே 1666இல் ஆக்ராவில் காவலிலிருந்து உண்மையாகவே தப்பியவர் சிவாஜி. அவர் இனிப்புக் கூடையில் ஒளிந்து வெளியேறினார் என்றுதான் மரபுக் கதையே சொல்கிறது. ஆனால் ஆக்ராவுக்குப் போய்க் கூடையைப் பற்றி விசாரிக்கும் பிரியர் யாரும் இல்லை. 1857இல் செங்கோட்டையை விட்டு வெளியேறிய பகதூர் ஷாவும் ஆற்றுப் பக்கமாகப் போய் ஹுமாயூன் கல்லறையில் தஞ்சம் புகுந்து, அங்கேயே பிடிபட்டார். கைடுகள் சொல்லும் சுரங்கங்களில் பாதி இருந்திருந்தாலும் முகலாய வரலாற்றை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் பிரியர் சும்மா இருக்க மாட்டார். "ஆமேரிலிருந்து ஜெய்கருக்குச் சுரங்கப்பாதை இல்லையா?" என்பார். இருக்கிறது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது மலையடி அரண்மனையிலிருந்து மலைமேல் கோட்டைக்குப் போகும் சில நூறு மீட்டர் வழி. டிக்கெட் வாங்கியவர்கள் பட்டப்பகலில் நடந்து போகிறார்கள். தௌலதாபாத்தின் இருட்டுப் பாதையும் நிஜம்தான். ஆனால் மேலே போக முயலும் எதிரியைத் தடுமாற வைத்துத் தீர்த்துக்கட்டுவதற்காகக் குடைந்த பாதை அது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் 2011இல் நிலவறைகளைத் திறந்தபோது குவியல் குவியலாகப் பொன் வந்ததே என்று கேட்டால், அந்த அறைகள் கோயிலில் இருப்பவர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்தவை. யாரும் தரையைத் தட்டிக் கண்டுபிடிக்கவில்லை.

ஜெய்கரில் மட்டும் பிரியர்களின் கனவு அரசாங்க உத்தரவாகவே வந்தது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ராஜா மான்சிங்கின் புதையலைத் தேடி வருமானவரித் துறை அந்தக் கோட்டையில் மாதக்கணக்கில் தோண்டியது. அந்த ஆகஸ்டில் பாகிஸ்தான் பிரதமர் புட்டோ இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதி, கிடைக்கப்போகும் புதையலில் தங்கள் நாட்டுக்கு உரிய பங்கைக் கேட்டார். நம் ஆள் கம்பிக் கதவில் மூக்கை நுழைப்பதோடு திருப்தி அடைகிறார். ஒரு நாட்டின் பிரதமர் எல்லைக்கு அப்பாலிருந்தே நுழைத்தார். புதையல் எதுவும் கிடைக்கவில்லை என்று அந்த ஆண்டு முடிவில் பதில் போனது. ஜெய்கரில் புதையல் இருந்ததாகப் பேசப்பட்ட இடமோ மழைநீரைச் சேமிக்கும் பிரம்மாண்டமான தொட்டிகளின் அடியில். ஆரவல்லி மலையில் விழும் மழையைக் கால்வாய் வெட்டிக் கோட்டைக்குள் கொண்டுவந்து நிரப்பிய தொட்டிகள் அவை. மழை குறைந்த சீமையில் அதைவிடப் பெரிய புதையலை எந்த வருமானவரி அதிகாரி எடுத்துவிட முடியும்?

பிரியர் இடறுவது இங்கேதான். பூமிக்கு அடியில் ஏதோ ஓடுகிறது என்ற அவருடைய மூக்கு சரியாகவே வேலை செய்கிறது. ஓடியது ராஜா என்று நினைத்துக்கொள்கிறார், ஓடியது தண்ணீர். கோல்கொண்டாவில் அவர் டார்ச் அடித்துப் பார்க்கும் சுவர்ப் பொந்துகளில் பல, ஏற்றம் வைத்துத் தட்டுத்தட்டாக மலையுச்சிவரை தண்ணீரை ஏற்றிய சுடுமண் குழாய்களின் தடம். லக்னோவில் அவர் வழிதவறி மகிழும் பூல்புலையா என்ற புதிர்வழிகளுக்குக் காரணம் வேறு. நவாப் ஆசஃபுத்தௌலா 1784 பஞ்சத்தில் ஜனங்களுக்குக் கூலி கொடுப்பதற்காகக் கட்டத் தொடங்கிய மண்டபத்தில் இருப்பவை அவை. ஏறத்தாழ 50 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் உள்ள கூடம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. அந்தக் கூரையின் பாரத்தைக் குறைக்கத்தான் சுற்றிலும் சுவர்களைக் குடைந்து இடைவழிகளாக விட்டார்கள். பிரியர் அந்த இடைவழிகளில் ஃபைசாபாத்தைத் தேடுகிற நேரத்தில், தலைக்குமேல் தூணில்லாமல் நிற்கும் கூரையைப் பார்க்காமலே பேருந்துக்குத் திரும்பிவிடுகிறார்.

போகட்டும், பாவம், கற்பனைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பிரியரோடு நிற்கும்வரை நஷ்டமில்லை. கேள்விப்பட்டவன் கடப்பாரை எடுத்துக்கொண்டு வரும்போதுதான் சிக்கல். 2019இல் ஹம்பிக்கு அருகே ஆனெகுந்தியில், விஜயநகர அரசர்கள் குருவாகப் போற்றிய வியாசதீர்த்தரின் சமாதியான பிருந்தாவனத்தைப் புதையல் தேடி இரவோடு இரவாக இடித்துப் போட்டார்கள். துறவி தன்னோடு தங்கம் வைத்துக்கொண்டிருப்பார் என்று கணக்குப் போட்டவர்களின் அறிவை என்னவென்று சொல்வது?

வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே நீண்ட சுரங்கம் பார்க்க வேண்டுமானால் நாட்டில் இடம் இருக்கிறது. பிதாரில் பாமினி சுல்தான்கள் காலத்துக் கரேஸ் என்ற நிலத்தடி நீர்வழி, கிலோமீட்டர் கணக்கில் பாறையைக் குடைந்து போகிறது. மத்தியப் பிரதேசத்தில், மும்தாஜ் இறந்த புர்ஹான்பூரில், 1615 வாக்கில் வெட்டிய குண்டி பண்டாரா இருக்கிறது. சாத்பூரா மலையின் ஊற்றுநீரைச் சாய்வின் போக்கிலேயே ஊருக்குள் கொண்டுவரும் நிலத்தடிக் கால்வாய், மேலே வரிசையாகக் காற்றுக் கிணறுகள். நாலு நூற்றாண்டு கழித்தும் அதில் தண்ணீர் ஓடுகிறது. ஏறத்தாழ 80 அடி ஆழத்துக்கு இறங்க லிஃப்ட்கூட அமைத்திருக்கிறார்கள். ஆனாலும் பிரியர்களின் பேருந்து புர்ஹான்பூர் பக்கம் திரும்புவதில்லை. சுற்றுலாத் துறை பெரிய செலவு ஒன்றும் செய்ய வேண்டாம். லிஃப்டை நிறுத்திவிட்டு, வாசலில் கம்பிக் கதவு போட்டு, துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, "உள்ளே செல்ல அனுமதி இல்லை" என்று பலகை மாட்டினால் போதும். அடுத்த சீசனுக்குள் பார்க்கிங்குக்கு இடம் போதாது.