சுவரை இடிக்கும் முன்…

கேள்வி: எங்கள் பழைய வீட்டைத் திருத்தப் போகிறோம். முன்னால் பெரிய ஹோல், பின்னால் இருட்டுக் குசினி. நடுச்சுவரை உடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மேசன் பாஸ். உடைக்கலாமா?
– வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: சம்மட்டியைக் கொஞ்சம் கீழே வைக்கச் சொல்லுங்கள். முதலில் எடுக்க வேண்டியது பென்சில்.

உங்களுக்குப் பக்கத்திலேயே வட்டபுளுவ இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் அங்கே அரச ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் வரைந்த மினெட் டி சில்வா, குடிவரப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்தைக் கொடுத்து, அவர்கள் வாழும் விதத்தை விசாரித்தார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர், கண்டியில் பிறந்தவர். அவ்வளவு படித்தவரே கேட்டுவிட்டுத்தான் கோடு போட்டார்!

நீங்களும் வீட்டில் கேளுங்கள். குசினியில் அதிக நேரம் நிற்பது யார்? வயதானவர்கள் இரவில் கழிவறைக்குப் போக எத்தனை படி இறங்குகிறார்கள்? பிள்ளைகள் எங்கே இருந்து படிக்கிறார்கள்? எப்போதாவது வரும் விருந்தாளிக்கு வெளிச்சமான ஹோல், நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவருக்குப் பகலிலும் பல்ப் என்பது பெரிய அநியாயம். காலை வெயில் விழும் பக்கத்தைக் குசினிக்குக் கொடுங்கள். கண்டி மழையில் உடுப்புக் காயப்போட, கூரை போட்ட பின்விறாந்தை ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

நடுச்சுவர் பாரம் தாங்குகிறதா என்று பொறியியலாளர் ஒருவர் பார்க்காமல் தொடாதீர்கள். சரிவுக் காணி என்றால், மண்ணை வெட்டும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள்.