ஒற்றை ஆளுக்கு வான்கோழி

மினியாபொலிஸ்,
நவம்பர் கடைசி ஞாயிறு.

அன்புள்ள அக்காவுக்கு,

"ஏல, ஒத்த ஆளுக்கு எதுக்குல வான்கோழி?" என்று போனில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டாய். பதிலை இதில் எழுதுகிறேன். அத்தானுக்கு வாசித்துக் காட்டு. அம்மாவுக்கு வேண்டாம். பிள்ளை பண்டிகையன்று தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான் என்று தெரிந்தால், மறுநாளே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

நவம்பர் நாலாவது வியாழன் இங்கே அமெரிக்காவில் தாங்க்ஸ்கிவிங். நன்றி சொல்லும் நாள், வான்கோழி விருந்து போடும் நாள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் அதிபர் லிங்கன் இதை நாடு முழுவதற்கும் பொதுவாக அறிவித்தார். மாதத்தின் கடைசி வியாழன் என்று இருந்ததை 1939இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னால் இழுத்தார். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் நல்லது என்று கடைக்காரர்கள் கேட்டதுதான் காரணம். நம் டவுன் ஜவுளிக்கடைக்காரர்கள் சொன்னார்கள் என்று தீபாவளியை நகர்த்தினால் என்ன கூத்து நடக்குமோ, அதுவே நடந்தது. பாதி மாநிலங்கள் புதுத் தேதியிலும் மீதி பழைய தேதியிலும் கொண்டாடின. டெக்சாஸ் இரண்டு நாளையும் எடுத்துக்கொண்டது. விவரமானவர்கள். 1941இல் இந்த ஊர் நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு, நாலாவது வியாழன் என்று முடித்துவைத்தது.

எனக்கு அழைப்பு வராமல் இல்லை. போன வருடம் ஆபீஸ் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிடுவதற்கு முன்னால் மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். ஒரு பாட்டி குடும்பத்துக்கு நன்றி சொல்லிக் கண்ணைத் துடைத்தார். ஒரு பெரியவர் தன் இதய ஆபரேஷனுக்கு நன்றி சொன்னார். அடுத்து நான். வாயில் வந்தது, "மத்தியானமே சாப்பாடு போடுவதற்கு நன்றி". எல்லோரும் சிரித்தார்கள், பாட்டி மட்டும் என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். இந்த வருடம் அவர்கள் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார்கள். வெளியே பனி. சரி, நாமே சமைத்துப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன்.

இறங்கியபிறகுதான் தெரிந்தது, இந்த நாட்டில் தனியாளுக்குக் கணக்கே கிடையாது. சமையல் குறிப்பு எதைப் பார்த்தாலும் எட்டு பேருக்கு, பன்னிரண்டு பேருக்கு. ஆளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை பவுண்டுப் பறவை என்பது வழக்கம். அப்படியானால் எனக்கு வேண்டியது ஒன்றரை பவுண்டு வான்கோழி. அது குஞ்சாக இருக்கும்போதே கடந்துபோன எடை. கடையில் இருப்பதிலேயே சின்னது பத்துப் பவுண்டு, நாலரைக் கிலோ. பெரியவை இருபதைத் தாண்டும். நான் இருக்கும் மின்னசோட்டாதான் வான்கோழி வளர்ப்பில் நாட்டிலேயே முதலிடம், அதனால் பஞ்சமும் இல்லை.

எல்லாம் கல்லாக உறைந்த பறவைகள். ஃப்ரிட்ஜில் வைத்து இளக்க, நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்று அரசாங்கமே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. இருபது பவுண்டு என்றால் முந்தின ஞாயிறே ஃப்ரிட்ஜுக்குள் குடியேற்றிவிட வேண்டும். என் ஃப்ரிட்ஜில் அது ஏறினால் தோசைமாவுச் சட்டி இறங்க வேண்டும். அதற்கு நான் தயாரில்லை.

இதில் இன்னொரு அநியாயம். பண்டிகை வாரத்தில் கடைகள் முழுப் பறவையை நஷ்டத்துக்குக்கூட விற்கும். அதை வாங்க வருகிறவர் வெண்ணெய், உருளைக்கிழங்கு, 'பை' (pie) என்ற இனிப்பு என்று வண்டியை நிரப்பிவிடுவார் என்பது அவர்கள் கணக்கு. வான்கோழியின் கால் ஒன்றை மட்டும் கேட்டால் அந்தத் தள்ளுபடி கிடையாது. பவுண்டுக்குக் கூட விலை. கறிக்கவுண்டரில் இருந்தவர் எனக்காக வருத்தப்பட்டு, கார்னிஷ் ஹென் என்று ஒன்றைக் காட்டினார். பெயர்தான் பெரிசு, இளசாக அறுத்த பிராய்லர் கோழி, அவ்வளவே. முழுசாகத் தட்டில் வைத்தால் ஒற்றை ஆளின் விருந்து பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் வான்கோழிப் பண்டிகைக்குக் கோழியா? தொடையோடு சேர்ந்த கால் ஒன்று வாங்கினேன்.

அக்கா, இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழுப் பறவை வேகவைக்கிறவர்கள் எல்லோரும் படும் பாடு ஒன்றுதான். நெஞ்சுக்கறி சீக்கிரம் வெந்துவிடும். தொடைக்கறி நேரம் எடுக்கும். தொடைக்காகக் காத்திருந்தால் நெஞ்சு சக்கை. நெஞ்சு பதமாக இருக்கிறதே என்று எடுத்தால் தொடை ரப்பராக இழுக்கும். காலை மட்டும் வாங்கினவனுக்கு அந்தச் சண்டையே இல்லை. எண்பது வயது மாமியார் முதல் புது மருமகள் வரை இந்த நாட்டில் வருடா வருடம் படும் கவலையை நான் ஒரே கேள்வியில் தீர்த்துவிட்டேன்: இன்னும் யார் வரப்போகிறார்கள்?

முந்தின நாள் ராத்திரியே உப்பும் மிளகும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்தேன். தோல் காய்ந்தால்தான் மொறுமொறுப்பு வரும். காலையில் எடுத்துத் தோலுக்கு அடியில் விரலை விட்டுப் பிரித்து, வெண்ணெயில் பூண்டு, தைம், சேஜ் இலை குழைத்து உள்ளே திணித்தேன். கொஞ்சம் சீரகம் வறுத்துப் பொடித்ததையும் சேர்த்தேன். இதை இங்கே யாருக்கும் சொல்லவில்லை. 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓவன். ஒரு மணி நேரம் தாண்டியதும் தோல் பொன்னிறமாகி, ஓரத்தில் வெண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. நீ வாசனையைப் பிடித்தே வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாய். இங்கே எலும்பில் படாமல் கறிக்குள் ஒரு தெர்மாமீட்டரைச் செருக வேண்டும். 165 காட்டினால் சாப்பிடலாம் என்பது அரசாங்க அறிவுரை. தொடைக்கறிக்கு 180 வரை விட்டால்தான் எலும்பை விட்டுக் கழன்று வரும்.

சந்தேகம் வந்தால் கேட்கவும் ஆள் உண்டு. பட்டர்பால் என்ற வான்கோழிக் கம்பெனி 1981 முதல் இதற்கென்றே போன் வைத்து, நவம்பர், டிசம்பரில் பதில் சொல்கிறது. நான் ஓவனைத் திறந்த மாலை நாலு மணிக்கு உனக்கு விடியற்காலை மூன்றரை. உன்னை எழுப்பி வாங்கிக்கட்டிக்கொள்வதற்கு அது மேல் என்று நம்பரைக் குறித்துவைத்திருந்தேன்.

கறியைவிடக் கூட வரும் பதார்த்தங்கள்தான் தனியாளை மடக்கும். கிரான்பெர்ரிப் பழம் 12 அவுன்ஸ் பாக்கெட்டில்தான் கிடைக்கும். சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட்டால் படபடவென்று வெடித்துப் பத்து நிமிடத்தில் துவையல் பதத்துக்கு வந்துவிடும். எனக்கு வேண்டியது ஒரு கரண்டி. கிடைத்தது ஒரு பாட்டில். கிரீன் பீன்ஸ் கேசரோல் என்று ஒன்று. கேம்பெல் சூப் கம்பெனியில் வேலைபார்த்த டார்க்கஸ் ரெய்லி என்ற அம்மாள் 1955இல் அங்கேயே உருவாக்கியது. ஒரு டின் காளான் சூப்பைத் திறந்தால்தான் அது ஆகும். அரை டின்னை என்ன செய்வது? பீன்ஸைத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்துவிட்டேன். ஒரு உருளைக்கிழங்கை மசித்தேன். ரொட்டித் துண்டு, வெங்காயம், செலரி சேர்த்துச் சின்னக் கிண்ணத்தில் ஸ்டஃபிங். பரங்கிக்காய்ப் பையில் ஒரு துண்டு மட்டும் கடையில் வாங்கினேன்.

இங்கே தனியாளை முதலில் மதித்தது சொந்தபந்தம் இல்லை, கம்பெனிக்காரன்தான். 1954 வாக்கில் ஸ்வான்சன் கம்பெனி அறை அறையாகத் தடுத்த அலுமினியத் தட்டில் வான்கோழி, ஸ்டஃபிங், பட்டாணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் வைத்து உறையவைத்து, 98 சென்ட்டுக்கு விற்றது. ஒரு தட்டு, ஒரு ஆள், டிவி முன்னால். தாங்க்ஸ்கிவிங்குக்கு விற்காமல் தேங்கிப்போன வான்கோழியைத் தள்ளிவிடத்தான் அந்த யோசனையே பிறந்தது என்று ஒரு கதையும் சொல்வார்கள். ஊரே கூடித் தின்றதில் மிஞ்சியதுதான் ஒற்றை ஆளுக்கு வந்தது போலிருக்கிறது.

எனக்கும் மிஞ்சியது. ஒரு கால் என்றாலும் வான்கோழிக் காலல்லவா? வெள்ளிக்கிழமை ஊரே தள்ளுபடிக் கடைகளில் இடித்துக்கொண்டிருக்க, நான் கறியை உதிர்த்து, முட்டை ஊற்றி, ஃப்ரோசன் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக் கொத்தினேன். எலும்பை மிளகு தட்டிப் போட்டுச் சாறு வைத்தேன். உண்மையைச் சொன்னால் வியாழக்கிழமைச் சாப்பாட்டைவிட இதுதான் ருசி.

ஆகவே அக்கா, உன் கேள்விக்குப் பதில்: ஒற்றை ஆளுக்கும் பண்டிகை வேண்டும், முழுப் பறவைதான் வேண்டாம். அடுத்து கிறிஸ்துமஸ் வருகிறது. கடையில் மறுபடியும் கால் வந்துவிடும். அதற்குள் நீ வறுத்து அரைத்த கறிமசாலாப் பொடி அரைக் கிலோ பார்சல் போடு. கறிவேப்பிலை வைக்காதே, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். டப்பா மூடியில் அத்தானை நன்றாக டேப் சுற்றச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி