நாலு சில்லும் ஒரு சாரமும்

நெளுக்குளத்தில் நாலு சில்லும் இழுக்கிற கப் வாகனம் வாங்கியவருக்கு அடுத்த ஆசை, ஆறு கடந்து பழகுவது. செட்டிகுளப் பக்கம் ஓடும் அருவியாறு 164 கிலோமீற்றர் நீளம். இலங்கையின் இரண்டாவது நீண்ட ஆறு. ஆடி, ஆவணியில் பெரும்பாலும் மணல். மார்கழியில் போனால் கரையிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஆகவே, மழை ஓய்ந்து குளத்து வான் அடங்கிய பிறகு, வயல் பாதையைக் குறுக்கறுத்து முழங்கால் மட்டும் ஓடும் தண்ணீர்தான் பள்ளிக்கூடம்.

மாணவர் புத்தகத்தோடு வருவார். ஹைலக்ஸ் 700 மில்லிமீற்றர் ஆழம் இறங்கும், புது டிபென்டர் 900 என்று ஒப்பிப்பார். சாரத்தை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் கேட்பார்:

"தம்பி, உந்தத் தொள்ளாயிரம் நிக்கிற தண்ணிக்கோ, ஓடுற தண்ணிக்கோ?"

புத்தகம் மூடப்படும். ஓடுகிற தண்ணீர் 30 சென்ரிமீற்றர் இருந்தால் சின்னக் காரையும், 60 இருந்தால் ஜீப்பையும் கப்பையும் இழுத்துக்கொண்டு போகலாம் என்பது அமெரிக்க வானிலைச் சேவையின் எச்சரிக்கை. பெரியவர் அதை வாசித்ததில்லை. வான் பாய்வதைப் பார்த்தவர்.

அவர் தடியால் குத்திக் குத்தி முன்னால் நடப்பார். அடியில் மணலா, சுரியா என்று உள்ளங்கால் அறியும். கப் பின்னால் வர வேண்டும்: லோ ரேஞ்ச், முதல் கியர், நடை வேகம். நடுவில் கிளச்சை மிதிக்கக் கூடாது. வேகமாகப் பாய்ந்தால் வீடியோ நன்றாக வரும். என்ஜின் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சும். காற்றைப் பிஸ்டன் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. கொனெக்டிங் றொட் வளையும். அன்றிலிருந்து கராஜ்காரருக்குப் பெரும்போகம்.

மெதுவாகப் போனாலும் சுரி விடாது. டிபரென்சியல் பூட்டு இல்லையென்றால், பிடிப்பில்லாத சில்லுதான் உற்சாகமாகச் சுற்றும். பிடிப்புள்ளது சும்மா நிற்கும்.

கடைசியில் வடத்தோடு வருவது பழைய மெஸி உழவு இயந்திரம். இழுவை பின்னிரண்டு சில்லுக்கு மட்டுந்தான். ஆனால் டிபரென்சியலைப் பூட்ட ஒரு மிதி உண்டு, மிதிக்கத் தெரிந்த காலும் உண்டு.

அக்கரை ஏறியதும் பிறேக்கை மெல்ல மிதித்து ஈரம் போக்கி, ஒயில் வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, மாணவர் செல்ஃபிக்கு நிற்பார். பெரியவர் சாரத்தின் மடிப்பை அவிழ்க்கமாட்டார்.

"கெதியா எடும் தம்பி. வீட்டை போறதுக்கும் இதுதான் வழி."