சட்டத்துல ஒரு சந்து

ஏலே பேராண்டி, அமெரிக்கான்னு சொன்னாலே ஒனக்கு வாயெல்லாம் பல்லு. அங்க விளம்பரக்காரன் கேக்காம கொள்ளாம போன் அடிச்சா கோர்ட்ல இழுத்துப் பணம் வாங்கிரலாம், நமக்குத்தான் நாதியில்லன்னு பொலம்புதே. மெய்தான். 1991-லயே அங்க நாடு பூராவுக்கும் சட்டம் போட்டுட்டான். செல்லுக்கு அனுமதியில்லாம மெஷினை விட்டு அடிச்சாலோ, பதிவு பண்ணுன குரலை ஓட்டுனாலோ, ஒரு அழைப்புக்கு 500 டாலர். தெரிஞ்சே பண்ணுனா மூணு மடங்கு வரைக்கும் போகும். அப்படின்னா போன் அடிக்கது நின்னுருக்கணுமே? நின்னுச்சா?

2003-ல ‘என்னைக் கூப்பிடாதே’ன்னு ஒரு பட்டியல் தொறந்தான். பேரு குடுத்தா யாவாரி கூப்பிடக் கூடாது. ஆனா ஓட்டுக் கேக்கவன் கூப்பிடலாமாம்! நன்கொடைக்காரனும் கருத்துக்கணிப்புக்காரனும் கூப்பிடலாமாம். சட்டம் எழுதுனது யாரு? ஓட்டுக் கேட்டு ஜெயிச்சுப் போனவன். தன் கையே தனக்குதவின்னு சும்மாவா சொன்னாக?

2015-ல இன்னொரு கூத்து. அரசாங்கம் பொறுப்பேத்த கடனை வசூல் பண்ண மட்டும் மெஷின்ல அடிக்கலாம்னு திருத்தம் கொண்டாந்தான். ஊருக்குத்தானே உபதேசம்! 2020-ல சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சலுகையைத் தூக்கிக் கடாசிருச்சு. ஆனா மறு வருசம், பேஸ்புக் வழக்குல, அதே கோர்ட்டு வேற ஒண்ணு சொல்லிச்சு. குலுக்கலாவோ வரிசையாவோ எண்ணை எடுக்க வித்தை இருந்தாத்தான் அது தானியங்கி மெஷினாம். சேத்து வச்ச பட்டியலைப் பாத்து அடிச்சா அந்தக் கணக்குல வராதாம். பதிவுக் குரலுக்கு இருந்த தடை அப்படியே நிக்கி; அது வேற. ஆனா பாரு, கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாக் குத்தம், என் நம்பரைக் குறிச்சு வச்சு அடிச்சாக் குத்தமில்ல. படிச்சவுக தீர்ப்பு, நமக்கென்ன தெரியும்?

இந்த ஓட்டையை நாங்க அடைக்கோம்னு மாநிலங்க கெளம்புனது அதுக்குப் பொறவுதான். முன்னால நின்னது புளோரிடா. 2021 ஜூலையில சட்டம் அமலுக்கு வந்துச்சு. நம்பரைத் தேர்ந்தெடுக்கதையோ அடிக்கதையோ, ரெண்டுல எதை மெஷின் பண்ணுனாலும் சரி, எழுத்துல சம்மதம் வேணும். காலையில எட்டுக்கு முந்தியும் ராத்திரி எட்டுக்குப் பிந்தியும் கூப்பிடக் கூடாது. ஒரே சமாச்சாரத்துக்கு ஒரு நாள்ல மூணு தடவைக்கு மேல கூடாது. மூணு தடவை! காலை, மத்தியானம், ராத்திரின்னு வேளைக்கு ஒண்ணு அடிச்சுக்கிடலாம். என்ன பெருந்தன்மை!

சனங்க சும்மா இருப்பாகளா? வழக்கு மேல வழக்கு விழுந்துச்சு. கம்பெனிக்காரன் ‘ஐயோ, கொல்லுதாக’ன்னு போய் நின்னான். 2023 மே மாசம் சட்டத்தைத் திருத்திட்டாக. இனி தேர்ந்தெடுக்கது, அடிக்கது ரெண்டையும் மெஷினே பண்ணியிருந்தாத்தான் குத்தம். குறுஞ்செய்தி வந்தா, நீ மொதல்ல ‘ஸ்டாப்’புன்னு பதில் போடணும். பொறவு 15 நாள் பொறுக்கணும். அதுக்கும் மேல அனுப்புனாத்தான் வழக்கு. என் வயல்ல மேஞ்ச மாட்டுக்காரன்கிட்ட, ‘ஐயா, இனிமே விடாதீக’ன்னு கும்பிடு போட்டுட்டு, 15 நாள் வரப்புல உக்காந்திருந்து, மறுபடி மேஞ்சாத்தான் மாட்டைப் பவுண்டுல அடைக்கலாம்னா, அதுக்குள்ள வயல்ல என்னல மிஞ்சும்?

இண்டியானாக்காரன் மட்டும் கொஞ்சம் வெவரம். அவன் சட்டம் 1988-லயே வந்துட்டு. பதிவுக் குரலை ஓட்டணும்னா, முன்கூட்டியே சம்மதம் இருக்கணும். இல்லன்னா உசுரோட ஒரு ஆளு மொதல்ல பேசி, ‘ஓட்டட்டுமா’ன்னு கேக்கணும். பள்ளிக்கூடம் பெத்தவுகளைக் கூப்பிடலாம், மொதலாளி வேலைக்காரனை ஷிப்டுக்குக் கூப்பிடலாம், ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் இருக்கவன் கூப்பிடலாம். அவ்வளவுதான். கட்சிக்காரனுக்குன்னு தனிச் சந்து கெடையாது. நீ என்ன பேசுதேன்னு அவன் பாக்கல. கேட்டுட்டுப் பேசுதியான்னு பாக்கான். அதனாலதான் 2017-ல அப்பீல் கோர்ட்டுலயும் அந்தச் சட்டம் நின்னுச்சு. தெற்கு கரோலினா, இன்ன விசயம் பேசுனாக் குத்தம், இன்னது பேசுனாக் குத்தமில்லன்னு பிரிச்சு வச்சுது. 2015-ல கோர்ட்டுல அடிபட்டுப் போச்சு.

சரி, இம்புட்டுச் சட்டம் இருந்தும் மணி ஏன் அடிக்கி? கடல் தாண்டி ஒரு ரூம்ல உக்காந்து, ஒன் தெரு நம்பர் கணக்கா பொய் நம்பரைக் காட்டி அடிக்கவனுக்கு எந்த விலாசத்துக்கு நோட்டீசு அனுப்புவே? அந்த ரூம் எங்க இருந்துச்சு தெரியுமா? அமெரிக்க வருமான வரி அதிகாரின்னு மிரட்டிப் பணம் புடுங்குன கூட்டத்தை 2016-ல நம்ம நாட்டுல, தானேங்கிற ஊர்ல வச்சுத்தான் போலீசு புடிச்சுது. நீ அவுக சட்டத்தைப் பாத்துப் பொறாமைப்படுதே, அவுக நம்ம போனைப் பாத்துப் பயப்படுதாக.

இன்னொண்ணு கேட்டுக்கோ. ‘பட்டியல்ல இருந்து ஒங்க பேரை எடுக்க ஒன்பதை அமுக்குங்க’ன்னு அந்தக் குரல் தேனா ஒழுகும். அமுக்கிராத. ‘இந்த நம்பர்ல ஆளு இருக்கான், நல்லா அமுக்குதான்’னு அவனுக்கு நீயே சொன்ன மாதிரி ஆயிரும். பேசாம வச்சிரு. என்னது? பாதியில வைக்கது மரியாதையில்லையா? ஏலே, மெஷினுக்கு என்னல மரியாதை!