கட்டி இழுக்கும் மாமா

மயிலாப்பூரில் கார் லைசென்ஸ் எடுப்பவர்களில் இரண்டு ஜாதி உண்டு. பதினெட்டு வயது முடிந்த மறுநாள் எடுப்பவன் ஒருவன். அவன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவான், ராத்திரிதான் வருவான். அவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இன்னொருவர், ரிட்டையர் ஆன மறுநாள் எடுப்பவர். இவர் எங்கேயும் போகமாட்டார். அதனால்தான் இவரைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது.

நம் மாமா ஆபீஸ் நாளெல்லாம் 21ஜி பஸ்ஸில் நின்றுகொண்டே போனவர். எல்.எல்.ஆர். கையில் வந்ததும் மற்றவர்கள் முப்பது நாளை எண்ணிக்கொண்டிருந்து டெஸ்டுக்கு ஓடுவார்கள். நம்மவர் அதன் ஆறு மாச ஆயுளையும் முழுசாக அனுபவித்தார். வண்டி பழகுவதற்கு அல்ல. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தைப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்து முடிப்பதற்கு. நாற்பது தாண்டியவர்களுக்கான டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு மந்தைவெளியில் டெஸ்ட் கொடுத்து பாஸாகியும் விட்டார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் எடுத்தால் லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்குள் ரிவர்ஸ் கற்றுக்கொண்டுவிடுவார் என்று வீட்டில் நம்பிக்கை.

ஆமாம், ரிவர்ஸ்தான் வராது. பாண்டி பஜாரில் அருமையான இடம் கிடைத்தும், அங்கே வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் நிறுத்த முடியும் என்பதால், நேரே ஓட்டி அடையாறு சிக்னல் வரை போய்த் திரும்பி வந்தவர். புடவை மாற்றப் போன மாமி கையில் அதே புடவை. எல் போர்டையும் இன்னும் எடுக்கவில்லை. சட்டம் சொன்ன அளவில், வெள்ளையில் சிவப்பு எழுத்து. "லைசென்ஸ்தான் வந்துடுத்தே, இன்னும் எதுக்கு சார்?" என்று கேட்டால், "எனக்கு எதுக்கு? பின்னாடி வர தண்ணி லாரிக்கு!" என்பார். நியாயம்தான்.

இப்படி இருந்தவரை மெல்போர்னில் இருக்கும் பிள்ளை கெடுத்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரர் காருக்குப் பின்னால் ட்ரெய்லர், ட்ரெய்லர் மேல் படகு, அத்தனையும் சேர்த்துச் சரிவில் பின்னாலேயே இறக்கித் தண்ணீரில் விடுகிறார். வாட்ஸ்அப்பில் வந்த அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து மாமாவுக்கு வெறும் கார் ருசிக்கவில்லை.

காலைக் காபிக்குப் போனால் பாடம் ஆரம்பம். டபராதான் கார். டம்ளர் படகு. நடுவில் ஸ்பூன், அது இணைப்புக் கம்பி. "கவனிங்கோ. ட்ரெய்லர் வலது பக்கம் போகணும்னா ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்கணும். குழப்பமா இருக்கோ? கையை ஸ்டியரிங்குக்கு அடியில பிடிச்சுக்கோங்கோ. அப்போ கை எந்தப் பக்கம் போறதோ அந்தப் பக்கம்தான் ட்ரெய்லரும் போகும். கொஞ்சம் ஒடிக்கணும், உடனே நேராக்கணும். ஜாஸ்தி ஒடிச்சேளோ, காரும் ட்ரெய்லரும் பேனாக்கத்தி மாதிரி மடங்கிண்டு..." டம்ளர் மடங்கியது. உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏன்னா, படகு கவுந்துடுத்து போலிருக்கே. துடைச்சுட்டு எழுந்திருங்கோ."

சொன்னதெல்லாம் அட்சரம் பிசகாமல் சரி என்பதுதான் இதில் கொடுமை. சட்டமும் அவர் பக்கம். 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பைத் தனக்கென்றே எழுதியதாக மாமா நினைக்கிறார். 7,500 கிலோ வரை அனுமதி உள்ளவர், சித்திரைக்குளம் பக்கத்துச் சந்தில் எதிரே மாடு வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்.

பங்குனித் தேர் அன்று அவரைப் பார்க்க வேண்டும். தெற்கு மாட வீதி முனையில் கபாலியின் தேர் திரும்பும்போது, சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார்கள். ஸ்டியரிங் இல்லாத அத்தனை பெரிய வண்டியை ஒரு மரத்துண்டால் திருப்புகிற வித்தை தலைமுறை தலைமுறையாக வந்தது. மாமா பிளாட்பாரத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்" என்பார். நல்லவேளை, நாதஸ்வரமும் தவிலும் ஓயாமல் ஒலிக்கும்.

நம் ஊரில் காருக்குப் பின்னால் படகு கட்டிப் போகிறவரைத் தேடினாலும் கிடைக்காது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி கோட்டூர்புரத்துக்குள் புகுந்தபோது, மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துதான் ஜனங்களை மீட்டார்கள். கண்ணில் பட்ட லாரியெல்லாம் படகு ட்ரெய்லர் ஆன நாட்கள் அவை. "அப்போ என்கிட்ட லைசென்ஸ் இல்லையே!" என்று மாமா இன்னமும் அங்கலாய்க்கிறார். இருந்திருந்தால் மீட்க வேண்டியவர்கள் பட்டியலில் ஒருவர் கூடியிருப்பார் என்பது மாமியின் அபிப்பிராயம்.

போன வருஷம் புயல் எச்சரிக்கை வந்ததும் பட்டினப்பாக்கத்தில் ஃபைபர் படகுகளை டிராக்டரால் மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா குடையோடு ஆஜர். டிராக்டரில் இருபது வயதுப் பையன்.

"தம்பி, ட்ரெய்லர் வலது பக்கம் போகணும்னா நீ இடது பக்கம் ஒடி."

"ட்ரெய்லரே இல்ல சார். கயிறுதான்."

"கயிறா? அப்போ அஞ்சு மீட்டருக்கு மேல இருக்கப்படாது. சட்டம்."

"அலையாண்ட சொல்லு சார். அது அஞ்சு மீட்டர்ல நின்னா நானும் நிக்கிறேன். இப்ப கொஞ்சம் தள்ளிக்க, காலாண்ட கயிறு வருது."

இத்தனைக்கும் பிறகு அவருக்கு ஒரு நாள் வந்தது. ஐப்பசி மழையில் லஸ் முனையில் எதிர்வீட்டுக்காரர் கார் நின்றுபோய்விட்டது. இழுக்க ஒரு குட்டியானை கிடைத்தது. கயிறு மாமாவின் டிக்கியிலேயே இருந்தது, ஜி.பி. ரோட்டில் வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்தார். ஐந்து மீட்டர் அளந்து கட்டினார். 'கட்டி இழுக்கப்படுகிறது' என்று அட்டையில் எழுதிப் பின்னால் தொங்கவிட்டார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இழுக்கப்படற வண்டியிலயும் லைசென்ஸ் உள்ளவர் உட்காரணும்" என்று அறிவித்து, கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

பின்வண்டியில் உட்காருவது லேசான காரியம் இல்லை. சாவியைத் திருப்பி வைக்காவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாததால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் உரலாகக் கனக்கும். முன்வண்டி வேகம் குறைக்கிற கணத்தில் பின்வண்டி பிரேக் பிடித்துக் கயிற்றை விறைப்பாக வைத்திருக்க வேண்டும். தொய்ந்தால் அடுத்த வெட்டில் கயிறு அறும், அல்லது பின்வண்டி முன்வண்டியின் முதுகில் போய் முட்டும். நன்றாக ஓட்டுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். அவர்கள் கால் ஆக்சிலரேட்டரைத் தேடும். மாமாவின் கால் லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து பிரேக்கை விட்டு நகர்ந்ததே இல்லை. லஸ்ஸிலிருந்து மந்தைவெளி மெக்கானிக் ஷெட் வரை கயிறு ஓரிடத்தில்கூடத் தொய்யவில்லை. குட்டியானை டிரைவர் இறங்கி வந்து, "சார் எத்தினி வருஷமா ஓட்டுறீங்க?" என்று கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. எல் போர்டு அவர் காரில்தானே இருக்கிறது!

மழைக்காலத்தில் மயிலாப்பூர் பக்கம் உங்கள் வண்டி நின்றுபோனால் தயங்காமல் அவரைக் கூப்பிடுங்கள், கயிறோடு வருவார். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் மட்டும் வேண்டாம். அதைக் கயிறு கட்டி இழுத்தால் கியர் பாக்ஸ் போய்விடும், லாரியில்தான் ஏற்ற வேண்டும். இதை அவரும் சொல்லுவார். ஆனால் கொட்டுகிற மழையில், டபரா டம்ளர் வைத்து.